நள்ளிரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மாத்திரை பிறந்த கதை

வெண்ணெய் தடவிய சிகரெட். உப்பை மட்டும் வைத்து மடித்த ரொட்டி. சமைக்காத பன்றிக்கறி. பூனைக்கு வாங்கி வைத்த டப்பாத் தீனி. கல்லாக உறைந்த பீட்சா. அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதிய அறிக்கைகளில் வரும் சாப்பாட்டுப் பட்டியல் இது. சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலைக்குப் போகிறவர்கள், குடும்பம் நடத்துகிறவர்கள், பகலில் எல்லோரையும் போலச் சாப்பிடுகிறவர்கள். இரவில் தூங்கிச் சற்று நேரத்தில் எழுந்து, நேராகச் சமையலறைக்குப் போய், கைக்கு அகப்பட்டதை அவசர அவசரமாக வாயில் திணித்துக்கொண்டு, திரும்பி வந்து படுத்துவிடுவார்கள். விடிந்ததும் பலருக்கு ஒன்றுமே நினைவில் இருக்காது. சிலருக்கு அரைகுறைக் கனவு மாதிரி ஏதோ நிழலாடும். மேடையில் சிந்திக் கிடக்கும் சர்க்கரை, திறந்தபடி இருக்கும் ஃப்ரிட்ஜ், விரலில் கத்தி பட்ட கீறல், வயிற்றில் கனம், காலைப் பலகாரத்தைக் கண்டாலே குமட்டல்: இரவு என்ன நடந்தது என்பதை இவற்றை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? கணவரிடம் சொன்னால் நம்பமாட்டார். டாக்டரிடம் சொன்னால், மனசில் ஏதோ குறை, வாயைக் கட்டுங்கள், ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போடுங்கள் என்பார். பூட்டும் போட்டுப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே சாவியைத் தேடி எடுத்தவர்கள் உண்டு. உடம்பு பெருத்துக்கொண்டே போகும். காரணம் சொன்னால் சிரிப்பார்கள். இப்படிப் பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தவர்களின் சங்கடத்திலிருந்துதான் இந்த மருந்தின் கதை தொடங்குகிறது. தூக்கத்தில் சாப்பிடும் இந்த நோய்க்கு மருத்துவத்தில் ஒரு தனி இடம் கிடைத்தது 1991இல். அதற்குக் கொடுக்கும் டோபிராமேட் என்ற மாத்திரை முறையான சோதனையில் தேறியது 2020இல். அந்த மாத்திரையோ அதற்கும் முன்னால், 1979இல், முற்றிலும் வேறு ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டது.

இரவில் சாப்பிடுவதை மருத்துவர்கள் அதற்கு முன் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1955இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட் என்ற மனநல மருத்துவர், உடல் பருமனுக்கு எந்தச் சிகிச்சையும் பலிக்காத சிலரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காலையில் அவர்களுக்குப் பசியே இல்லை, மாலைக்கு மேல் சாப்பாடு நிற்பதே இல்லை, இரவில் தூக்கமும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்த நிலையை இரவு உணவு நோய் என்றார். ஆனால் அவர் பார்த்தவர்கள் விழித்திருந்தவர்கள். எதை எடுத்தோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். தூக்கத்திலிருந்து பாதியாக எழுந்து போய், பசியும் இல்லாமல் ருசியும் பார்க்காமல் தின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கட்டுரையில் இடமில்லை. அடுத்த 36 ஆண்டுகளும் அவர்கள் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத நோயாளிகளாகவே அலைந்தார்கள்.

அவர்களுக்கு இடம் கொடுத்தது மினியாபொலிஸ் நகரத்தின் ஹெனபின் கவுண்டி அரசு மருத்துவமனை. அங்கே இருந்த தூக்க மருத்துவ மையத்தில் கார்லோஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் என்ற இரு மருத்துவர்கள் வேலை பார்த்தார்கள். முன்னவர் மனநல மருத்துவர், பின்னவர் நரம்பியல் மருத்துவர். தூக்கத்தில் மனிதர்கள் செய்யும் விபரீதங்களை நேரில் பார்த்துப் பதிவு செய்வதில் இவர்களுக்கு இணையாக அன்று யாரும் இல்லை. கனவில் வருகிற சண்டையைக் கைகால்களால் நிஜமாகவே போட்டு, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிடும் முதியவர்களின் நோயை 1986இல் உலகுக்குச் சொன்னதும் இதே குழுதான். அந்த முதியவர்களையும் அதுவரை மனக்கோளாறு என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

தூக்க ஆய்வு நடக்கும் விதம் இதுதான். நோயாளி மாலையிலேயே வந்துவிட வேண்டும். தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் காலிலும் மின்கம்பிகளை ஒட்டுவார்கள். மூக்கருகே மூச்சை அளக்க ஒரு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், சுவரில் கேமரா. இந்த நோய்க்கு மட்டும் கூடுதலாக ஒரு ஏற்பாடு உண்டு: கட்டிலுக்குப் பக்கத்தில் சாப்பிட ஏதாவது வைத்திருப்பார்கள். நோயாளி தூங்க, பக்கத்து அறையில் ஒருவர் விடிய விடிய விழித்திருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கனவில்லாத தூக்கத்தின் நடுவே மூளையலை திடீரென்று கலைவதும், கை நீண்டு பக்கத்தில் இருந்ததை எடுப்பதும், தாடைத் தசையின் கோடு மெல்லும் தாளத்தில் ஏறி இறங்குவதும் அந்தத் திரையில் தெரியும். இத்தனை காலம் தங்கள் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லாதிருந்தவர்களுக்கு, பட்டை பட்டையாகக் காகிதத்தில் ஒரு சாட்சி கிடைத்தது.

1991இல் 'ஸ்லீப்' என்ற ஆய்விதழில் ஷென்க் குழுவினர் 19 பேரைப் பற்றி எழுதினார்கள். இது பகலில் வரும் உணவுக் கோளாறுகளிலிருந்து வேறானது என்று தலைப்பிலேயே தெளிவாகச் சொன்னார்கள். காரணமும் ஒன்றல்ல என்று காட்டினார்கள். பலருக்குச் சின்ன வயதிலிருந்தே தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்தது. நடை நின்று சாப்பாடாக மாறியிருந்தது. சிலருக்குத் தூக்கத்தில் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. சிலருக்கு மூச்சு அடைத்து அடைத்துத் தூக்கம் கலைந்தது. சிலருக்கோ தூக்க மாத்திரையே வினையாக இருந்தது. ஆச்சரியமான ஒன்று: இந்த நோயாளிகள் இரவில் எதை எதையோ தின்றார்கள், ஆனால் மதுவைத் தொடவில்லை. பசி இருந்ததாகவும் அநேகமாக யாரும் சொல்லவில்லை. பெருந்தீனி என்று ஊரார் சொன்னது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இரண்டு குறிப்புகளே போதும்.

மருத்துவர்கள் நோயாளியை நம்பியதுதான் இந்தக் கதையில் எல்லாவற்றுக்கும் முதல் படி என்று நினைக்கிறேன். மருந்து அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலில் வந்தவை அரைகுறை மருந்துகள். தூக்கத்தில் நடப்பதற்கும் கால் இழுப்புக்கும் என்ன கொடுப்பார்களோ அதையே கொடுத்துப் பார்த்தார்கள். குளோனசெபாம் சிலருக்கு உதவியது. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாதிரியான டோபமைன் மருந்துகளை, கோடீன் என்ற அபின் வகை வலிமருந்தோடு சேர்த்துப் படுக்கும்போது கொடுத்தார்கள். அதில் பலருக்கு இரவுச் சாப்பாடு நின்றதாக 1993இல் எழுதினார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒரே நோய்க்குப் பழகிப்போகும் ஆபத்துள்ள இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து ஆண்டுக்கணக்கில் கொடுப்பது சுலபமான காரியமல்ல. இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர்கள் இதே டோபமைன் வழியில் பிரமிபெக்சோல் என்ற மருந்தை 11 பேருக்குக் கொடுத்துச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். இரவில் உடம்பின் பரபரப்பு அடங்கியது, நன்றாகத் தூங்கினோம் என்று சொல்லும் நாட்கள் கூடின. ஆனால் எழுவது குறையவில்லை. எடையும் அப்படியே இருந்தது.

இனி கதை பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டும். ஸ்பிரிங் ஹவுஸ் என்ற சிற்றூரில் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த மக்நீல் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. 1979இல் அங்கே புரூஸ் மேரியனாஃப் என்ற வேதியியலாளர் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விடும். அந்த உற்பத்திக்கு உதவும் நொதி ஒன்றைத் தடுத்துவிட்டால் சர்க்கரை நோய் கட்டுப்படும் என்பது அவர்கள் கணக்கு. அதற்காகப் பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையை எடுத்து, அதன் மூலக்கூறில் மாற்றங்கள் செய்து பார்த்தார்கள். அந்த வழியில் பிறந்த ஒரு பொருள்தான் டோபிராமேட். சர்க்கரை நோய்க்கு அது உதவவில்லை.

பெரிய நிறுவனங்களில் இப்படித் தோற்ற பொருள்கள் ஆயிரக்கணக்கில் புட்டிகளில் அடைபட்டுக் கிடக்கும். டோபிராமேட்டும் அப்படியே கிடந்திருக்கும். ஆனால் அதன் மூலக்கூறின் ஒரு முனை, அசெடசோலமைடு என்ற பழைய மருந்தின் முனையைப் போல இருப்பதைக் கவனித்தார்கள். கண் அழுத்தத்துக்கும் சில வகை வலிப்புக்கும் டாக்டர்கள் அதைக் கொடுத்துவந்தார்கள். அப்படியானால் இதையும் வலிப்புக்குப் பார்த்தால் என்ன? எலிகளுக்கு மருந்தைக் கொடுத்து மின்சாரத்தைச் செலுத்தினார்கள். மருந்தில்லாத எலிகள் வெட்டி வெட்டி இழுத்தன. மருந்து உள்ளே போன எலிகளுக்கு அந்த இழுப்பு வரவில்லை. வேதியியல் விவரங்கள் 1987இல் அச்சாயின. 1995இல் பிரிட்டனிலும் 1996 டிசம்பரில் அமெரிக்காவிலும் டோபமாக்ஸ் என்ற பெயரில் அது வலிப்பு மாத்திரையாக விற்பனைக்கு வந்தது.

வலிப்புக்காரர்கள் சாப்பிடத் தொடங்கியதும் டாக்டர்கள் எதிர்பாராத ஒன்றைப் பார்த்தார்கள். வால்புரோயேட் மாதிரியான மற்ற வலிப்பு மருந்துகளில் எடை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. இந்த மாத்திரையில் எடை இறங்கியது. தட்டில் வைத்ததை முழுசாகச் சாப்பிட முடியவில்லை என்றார்கள் நோயாளிகள். சோடாவும் கோலாவும் நுரை செத்துப்போன மாதிரி சப்பென்று இருக்கிறது என்றார்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கரியமில வாயுவை அமிலமாக மாற்றும் நொதி ஒன்று நாக்கிலும் உண்டு. நுரைக்கும் பானத்தின் சுறுசுறுப்பை நாம் உணர்வது அதனால்தான். டோபிராமேட் அந்த நொதியை மட்டுப்படுத்துகிறது. பசி குறைவதற்குக் காரணம் மூளைக்குள் வேறெங்கோ இருக்கிறது.

ஒரு மருந்தின் பக்கவிளைவு இன்னொரு நோயின் சிகிச்சையாவது மருத்துவத்தில் பலமுறை நடந்திருக்கிறது. இங்கேயும் நடந்தது. கட்டுப்பாடில்லாமல் அளவு மீறிச் சாப்பிடும் நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சின்சினாட்டியில் சூசன் மெக்எல்ராய் தலைமையில் 61 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து இல்லாத வெற்று மாத்திரையைவிட இது தெளிவாக உதவியது என்று 2003இல் வெளியானது. 2004இல் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2012இல் ஃபென்டெர்மின் என்ற மருந்தோடு சேர்ந்து உடல் பருமனுக்கான மாத்திரையாகவும் ஆனது. சர்க்கரை நோய்க்கென்று பிறந்து தோற்ற பொருள், சர்க்கரை நோயின் மூலகாரணங்களில் ஒன்றான பருமனுக்கே மருந்தாகத் திரும்பியது.

இரண்டு கதைகளும் சேர்ந்த இடம் பாஸ்டன். ஜான் விங்கல்மன் அங்கே மனநல மருத்துவராகவும் தூக்க மருத்துவராகவும் இருந்தார். தூக்கத்தில் சாப்பிடுகிறவர்களைப் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்தவர். 1998இல் 23 பேரைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். மறு ஆண்டு அவரும் கூட்டாளிகளும் கல்லூரி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டபோது, நூற்றுக்கு நான்கைந்து பேரிடம் இந்த நோயின் அடையாளங்கள் இருந்தன. உணவுக் கோளாறுக்காக மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களிடம் ஆறில் ஒருவருக்கு இருந்தது. அபூர்வ நோய் என்று நினைத்திருந்தது அவ்வளவு அபூர்வம் இல்லை என்று தெரிந்தது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எத்தனையோ பேர் சும்மா இருந்திருக்கிறார்கள்.

மூளையின் மிகைத் துடிப்பையும் அடக்கி, பசியையும் குறைக்கும் மாத்திரை ஒன்று கையில் இருக்கும்போது இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று விங்கல்மனுக்குத் தோன்றியது. முதலில் நான்கே பேர். அவர்களில் இரவு உணவு நோய்க்காரர்களும் இருந்தார்கள், தூக்கத்தில் சாப்பிடுகிறவர்களும் இருந்தார்கள். நான்கு பேருக்கும் இரவுச் சாப்பாடு குறைந்தது, எடையும் குறைந்தது. 2003இல் அதை ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார். நான்கு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் சரியான மருந்து எதுவும் இல்லாத ஒரு நோய்க்கு, நாலு பேர் கதையே பெரிய திறப்பு.

2006இல் அடுத்த கணக்கு வந்தது. தன்னிடம் வரிசையாக வந்து இந்த மாத்திரையைத் தொடங்கிய 30 பேரின் பதிவேடுகளை விங்கல்மன் எடுத்துப் பார்த்தார். மறுபடி வந்து நிலைமையைச் சொன்னவர்கள் 25 பேர். அவர்களில் 17 பேருக்கு நல்ல முன்னேற்றம். 7 பேர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தார்கள். அதே கட்டுரையில் மறைக்காமல் எழுதிய மற்ற எண்களையும் சொல்ல வேண்டும். 21 பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு இருந்தது. மருந்து நன்றாகக் கேட்ட அந்த 17 பேரிலேயே 7 பேர் சராசரியாக ஓராண்டு கழித்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பக்கவிளைவுகள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும். இது மிகப் பலருக்கு வரும், பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று மனதை வருத்துவது: பேசிக்கொண்டிருக்கும்போது சொல் வராது. தெரிந்த பெயர், தினமும் சொல்லும் சொல், தொண்டை வரை வந்து நின்றுவிடும். பள்ளிக்கூட ஆசிரியருக்கும் வக்கீலுக்கும் இது எவ்வளவு பெரிய இழப்பு! மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றாலும், இரவு நிம்மதிக்காகப் பகலில் பேச்சை விட்டுக்கொடுக்கச் சிலரால் முடியவில்லை. அதனால்தான் 25 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். இதைத் தவிரச் சிறுநீரகத்தில் கல் சேரலாம். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அரிதாகக் கண் அழுத்தம் திடீரென்று ஏறிப் பார்வையைப் பாதிக்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சாப்பிட்டால் குழந்தைக்கு உதட்டுப் பிளவு வரும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இல் எச்சரித்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் குழந்தை பெறும் வயதுப் பெண்கள் என்பதால் இந்த எச்சரிக்கையின் கனம் இன்னும் அதிகம்.

நான்கு பேர் கட்டுரைக்கும் முறையான சோதனைக்கும் நடுவே 17 ஆண்டுகள் ஓடின. காப்புரிமை தீர்ந்துபோன மாத்திரை, சொல்லக் கூச்சப்படும் நோயாளிகள். இப்படிப்பட்ட சோதனைக்குப் பணமும் ஆளும் திரட்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2020இல் விங்கல்மன் குழுவின் சோதனை வெளிவந்தது. 34 பேர். 13 வாரம். பாதிப்பேருக்கு டோபிராமேட், அதிகபட்சம் 300 மில்லிகிராம் வரை. மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. தொடக்கத்தில் இரு பக்கத்தினரும் நான்கில் மூன்று இரவுகளில் எழுந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவில் டோபிராமேட் பக்கத்தில் அது மூன்றில் ஒரு இரவாகக் குறைந்தது. வெற்று மாத்திரைப் பக்கத்திலும் குறைந்தது, ஆனால் பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் சாப்பாடு தொடர்ந்தது. தெளிவாகக் குணம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம் 71 சதவீதம், மறு பக்கம் 27 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு இரவு இன்னும் மிச்சமிருக்கிறது. 34 பேர் என்பது சின்னக் கூட்டம். இந்த மாத்திரை மூளையின் எந்த இடத்தில் என்ன செய்து இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறது என்பதும் இன்னும் தீர்மானமாகவில்லை. நரம்புச் செல்களின் சோடியம் வாசல்களை மட்டுப்படுத்துகிறது, அமைதிப்படுத்தும் காபா சமிக்ஞையைக் கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டைக் குறைக்கிறது. இவற்றில் எது காரணம், எல்லாம் சேர்ந்தா என்பதில் கருத்துகள் பல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த நோய்க்கென்று டோபிராமேட்டுக்கு அனுமதி கொடுக்கவும் இல்லை. டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எழுதிக் கொடுக்கிறார்கள். இருந்தாலும், வாயைக் கட்டு என்ற உபதேசத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் இருந்தவர்களுக்கு, முறையான சோதனையில் தேறிய ஒரு மருந்து கையில் கிடைத்திருக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று நினைக்க என்னால் முடியவில்லை.

மருந்து பிறந்த கதையில் இன்னொரு மருந்தின் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையை மறைத்ததாகும்.

1992 டிசம்பரில், அதாவது ஷென்க் கட்டுரை வந்த மறு ஆண்டு, சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. பழைய தூக்க மாத்திரைகளைவிட ஆபத்து குறைந்தது என்று டாக்டர்கள் தாராளமாக எழுதினார்கள். இன்று நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. 2002இல் மினியாபொலிஸுக்குத் தெற்கே உள்ள ராசெஸ்டர் நகரத்தின் மேயோ மருத்துவமனையிலிருந்து மார்கந்தேலர், சில்பர் என்ற இரு மருத்துவர்கள் 5 பேரைப் பற்றி எழுதினார்கள். சோல்பிடெம் சாப்பிடத் தொடங்கிய பிறகு இவர்கள் இரவில் எழுந்து சாப்பிட்டார்கள், காலையில் எதுவும் நினைவில் இல்லை. மாத்திரையை நிறுத்தியதும் சாப்பாடும் நின்றது. அதற்குப் பிறகு இதே மாதிரிப் புகார்கள் பெருகின. தூக்கத்தில் எழுந்து சமைத்தவர்கள், கார் ஓட்டிக்கொண்டு போனவர்கள் என்று செய்திகள் வந்தன. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தூக்க மாத்திரைகளின் உறையில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. 2013இல் பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கியது. 2019இல் சோல்பிடெமுக்கும் அதன் இனத்து இரண்டு மாத்திரைகளுக்கும் மிகக் கடுமையான கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. அதற்குள் தூக்கத்தில் செய்த காரியங்களால் கடும் காயமும் சாவும் ஏற்பட்ட 66 சம்பவங்கள் துறையின் பதிவில் சேர்ந்திருந்தன. அவற்றில் 20 சாவுகள்.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மேயோவின் 5 பேரில் சிலருக்குக் கால் அமைதியின்மை நோய் இருந்தது. படுத்தவுடன் காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி, இழுக்கிற மாதிரி, அசைத்தால்தான் நிம்மதி என்று ஒரு தவிப்பு. நம் வீட்டுப் பெண்கள் இதை உளைச்சல் என்பார்கள், குடைச்சல் என்பார்கள்; பிள்ளைகளைக் காலை மிதிக்கச் சொல்வார்கள். டாக்டரிடம் போனால் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்வார்கள். டாக்டரும் தூக்க மாத்திரை எழுதுவார். கால் எழுந்து நடக்கச் சொல்கிறது, மாத்திரை நினைவையும் நிதானத்தையும் அழிக்கிறது. எழுந்து நடந்த கால் சமையலறைக்குப் போகிறது. மினசோட்டாவின் மைக்கேல் ஹொவெல் என்ற மருத்துவர் 2012இல் இதை ஒப்பிட்டுக் காட்டினார். கால் அமைதியின்மை உள்ளவர்களில் பத்தில் ஆறு பேருக்கு இரவில் எழுந்து சாப்பிடும் பழக்கம் இருந்தது; வெறும் தூக்கமின்மை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. கால் நோயைத் தூக்கமின்மை என்று தவறாகப் புரிந்து மாத்திரை எழுதியதால்தான் எத்தனையோ பேரின் இரவுச் சாப்பாடு முற்றியது என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது.

ஆகவே இன்றைக்கு ஒரு நல்ல தூக்க மருத்துவர் டோபிராமேட்டை எடுத்த எடுப்பில் எழுதமாட்டார். முதலில் எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். சோல்பிடெம் இருந்தால் அதை நிறுத்துவதே முதல் சிகிச்சை. பலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். அடுத்து, படுக்கும்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். ரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்ப்பார். குறைந்திருந்தால் இரும்புச் சத்துக் கொடுப்பார். குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தால் அதைக் கவனிப்பார். இவையெல்லாம் முடிந்தும் இரவுச் சாப்பாடு நிற்கவில்லை என்றால்தான், ஸ்பிரிங் ஹவுஸில் பழச்சர்க்கரையிலிருந்து பிறந்த அந்த மாத்திரைக்கு முறை வரும்.

இதைப் படிக்கிறவர் வீட்டில் காலையில் சமையல் மேடை காரணமில்லாமல் கலைந்து கிடந்தால், சாப்பிட்டவரைக் கேலி செய்யாதீர்கள். தூக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்தவர்கள், பாத்திரம் கழுவும் திரவத்தைக் குடித்தவர்கள் இந்த நோயாளிகளில் உண்டு. ஆகவே சிலிண்டரை இரவில் மூடிவிட்டு, கத்தியையும் துப்புரவு மருந்துகளையும் எட்டாத இடத்தில் வையுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடமோ தூக்க மருத்துவரிடமோ போங்கள். கால் குடைச்சல் இருந்தால் வாய் விட்டுச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லிக் குறையுங்கள். டோபிராமேட்டையும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கடையில் வாங்காதீர்கள். தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டர் பார்வையில்தான் நடக்க வேண்டும், சட்டென்று விட்டால் வலிப்பு வரக்கூடிய மாத்திரை அது.